ஹதியா என்று சொல்லிக் கொடுத்தது

கொடுப்பதற்கு எங்கள் ஊரில் இரண்டு சொற்கள் உண்டு. விருப்பமானவருக்கு அன்பாகக் கொடுத்தால் ஹதியா. இல்லாதவருக்கு அல்லாஹ்வின் கூலியை நாடிக் கொடுத்தால் சதக்கா. இரண்டும் நல்ல சொற்கள்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

என்னோடு படித்த ஒருத்தி சாய்ந்தமருதில் மீன்பிடிக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய தாய்வீடு சம்மாந்துறை. சுனாமியில் எங்கள் வீடு போனபோது, நாங்கள் ஆறு பேரும் அந்த வீட்டில்தான் இரண்டு மாதம் இருந்தோம். அவளுடைய உம்மா எங்களுக்குச் செய்ததற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. "சோறு ஆறுது, வாங்க புள்ளையள்" என்பார். அவ்வளவுதான்.

போன நோன்பில், அவளுடைய கணவரின் தோணி உடைந்து தொழில் நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பெருநாளைக்கு உன்ட மகளுக்கு ஒரு ஹதியா அனுப்புறன்கா."

"என்னத்துக்குகா உனக்குச் சிலவு?" என்றாள். குரலில் சந்தோசம் இருந்தது.

ஒரு கிழமை கழித்து, கல்முனைக் கடையொன்றில் சட்டையும் செருப்பும் வாங்கி ஓட்டோவில் அனுப்பினேன். "சாமான் வந்திச்சு" என்று வாட்ஸ்அப்பில் அவள் எழுதினாள். அந்த நேரம்தான் கட்டாரில் இருக்கும் என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, குரல் பதிவொன்று அனுப்ப நினைத்தேன்.

"குடுத்தனுப்பிட்டன் ராத்தா. பாவம் அதுகள். சதக்காண்டுதான் மனசுல நிய்யத்து வெச்ச. நாம குடுக்காட்டி அதுகளுக்கு ஏது பெருநாள்?"

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அது ராத்தாவுக்குப் போகவில்லை, அவளுக்கே போயிருந்தது. அழிக்க விரலை வைப்பதற்குள் இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன. நோன்பு திறந்துவிட்டு என் குரலை நானே திரும்பப் போட்டுக் கேட்டேன். "அதுகள்" என்ற சொல்லைத்தான் கேட்க முடியவில்லை.

பெருநாளன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகள் நான் அனுப்பிய சட்டையைத்தான் போட்டிருந்தாள். தாய் வட்டிலப்பம் வெட்டி வைத்தாள், தேத்தண்ணி ஊற்றினாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் குறுக வைத்தது.

"அந்த வொய்ஸ்..." என்று தொடங்கினேன்.

"கேட்டன்கா. சதக்காண்டே சொல்லித் தந்திருக்கலாம். நான் வாங்கியிருப்பன். எங்களுக்கு இப்ப தேவைதான். அதுல என்ன வெக்கம்?" தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "நீ ஹதியாண்டு சொன்னியே. அப்ப நானும் உன்ட மகளுக்கு ஒண்டு செய்யணுமே."

உள்ளே போய்த் தலையில் போடும் ஷோல் ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். இளம்பச்சை நிறம், விலைச்சீட்டைக் கவனமாகக் கிழித்திருந்தாள்.

"உம்மா கோழி ரெண்டையும் வித்துத்தான் வாங்கின" என்றாள் மகள்.

"வாயப் பொத்து" என்று அவள் மகளை அதட்டினாள்.

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், கொடுக்கும் உரிமையே அவளுக்கு இல்லை என்று இரண்டாவது தடவையும் சொன்னதாக ஆகிவிடும். வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுகா, தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

இப்போதும் பேசிக்கொள்கிறோம். நான் எடுத்தால்தான் பேச்சு, அவளாக எடுப்பதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகள் ஷோலைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். "ஆரும்மா தந்த?" என்று கேட்டாள்.

"என்ட கூட்டாளி" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.