பட்டியலில் ஒன்பதாவது

முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு ஒழுகலை வரிசைப்படுத்திச் சோறு தின்றவன் நான். நெய்வேலி குவார்ட்டர்ஸில் குழாய் சொட்டினாலும் கதவு சாத்த வராவிட்டாலும் மக்கள் வந்து புகார்ப் புத்தகத்தில் எழுதுவார்கள். எந்த வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று பென்சிலால் எண் போடுவது என் வேலை. எழுதிய தேதிப்படிதான் போட வேண்டும். நான் எழுதியவரின் பதவியைப் பார்த்துப் போட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொரு புத்திசாலித்தனமும் எனக்கு இருந்தது. நம் ஆட்கள் ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் பத்து எழுதுவார்கள். சுவர் இடிந்து விழுகிறது என்று எழுதியிருக்கும். ஆள் போய்ப் பார்த்தால் ஆணி அடித்த ஓட்டையாக இருக்கும். அதனால் எழுதியதில் பாதியை நம்பினால் போதும் என்று பழகிவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கினேன். அதன் பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும். கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் புருஷனும் பெண்சாதியும் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். எங்களுக்கு முன்கட்டு.

குடிபோவதற்கு முன் வீட்டைப் பார்த்துச் சொல்ல, எனக்குப் பழக்கமான ஒரு ரிட்டயர்டு சிவில் சூப்பர்வைசரை அழைத்து வந்தேன். அவர் கையில் ஒரு கம்பித் துண்டு. கூரையைத் தட்டுவதும் காதைக் கொடுத்துக் கேட்பதுமாகப் போனார். பின்கட்டுச் சமையலறையில் இரண்டு தட்டுத் தட்டியவர் நிறுத்திவிட்டார்.

"உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கு. பூச்சு கழண்டு சும்மா நிக்குது. மழைக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அடுப்படியில் நின்றிருந்த அந்தப் பெண் மேலே பார்த்தாள். பிறகு நான் தாளில் எழுதுவதைப் பார்த்தாள்.

மொத்தம் பதினோரு வேலை சொல்லிவிட்டுப் போனார். முதலாவது அந்தக் கூரை. அன்று மாலையே உட்கார்ந்து தாளைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். கைப்பழக்கம், வரிசை மாறிவிட்டது. கேட், கூடத்துக்கு டைல்ஸ், முகப்புக்கு பெயின்ட் என்று மேலே வந்தன. பால் காய்ச்சுவதற்குத் திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும்! சமையலறைக் கூரை ஒன்பதாவது இடத்துக்குப் போனது.

"அவர் முதல்ல சொன்னது இதைத்தானே?" என்றாள் மனைவி.

"சிவில்காரங்க எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஏழாவது வேலை முடிந்ததும் பால் காய்ச்சினோம். கேட்டைப் பாராட்டாத ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதி நாலு வேலையும் அப்படியே நின்றன.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை பின்கட்டில் பெரும் சத்தம். ஓடிப் போனேன். அடுப்பு மேடை முழுக்க சிமென்ட் கட்டிகள், குழம்புச் சட்டி நசுங்கிக் கிடந்தது. அந்தப் பெண் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு எட்டு உள்ளே தள்ளி நின்றிருந்தால் தலையிலேயே விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் தோளில் எலும்பு முறிவு என்று கட்டுப் போட்டார்கள். பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்: "ஏம்மா, கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்திருக்குமே, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதா?" அக்கறையில் கேட்டதில்லை அது. பழியில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிடப் பார்த்தேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்கதான் அன்னிக்கே எழுதிக்கினு போனீங்களே சார். எங்க வூட்டுக்காரரு கேக்கலாம்னாரு. நாந்தான், சாரு எழுதிட்டாரு, எப்படியும் ஆள் வரும், தொல்லை குடுக்காதன்னேன். கொழம்புல மண்ணு விழாம மேல ஒரு சாக்கைக் கட்டிக்கினு சமைச்சிக்கினு இருந்தேன்."

நான் எழுதினேன் என்பதற்காக அவள் நம்பியிருக்கிறாள். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

கூரையை அந்த வாரமே செய்து முடித்தாயிற்று. எலும்பு கூடும்வரை அவள் வேலைக்குப் போக முடியாது. மூன்று வேளையும் மனைவிதான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எனக்குப் பின்கட்டுப் பக்கம் போக முகமில்லை. போகிற வருகிறவர்கள் இன்னும் கேட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

இப்போதெல்லாம் அந்தப் புகார்ப் புத்தகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நான் பின்னுக்குத் தள்ளிய வீடுகளில் எத்தனை பேர், எழுதியாயிற்று, ஆள் வரும் என்று சாக்கைக் கட்டிக்கொண்டு சமைத்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் ஒரு வீட்டுக்கும் போய்ப் பார்த்ததில்லை.