இல்லாத பேண்டுக்கு வந்த அழைப்பு

எங்கள் ராக் பேண்டில் யாருக்கும் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பொன்னேரியில் கல்லூரியில் படித்தபோது மூன்று பேர் சேர்ந்து யூடியூபில் போட்ட காமெடி வீடியோக்கள்தான் அந்த பேண்ட். உலகமே கொண்டாடிய ஒரு குழு பழவேற்காடு ஏரிக்கரையில் வந்து சீரழிவதாகக் கதை. தலையில் சவுரி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நான் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகளைக் குச்சியால் தட்டுவேன். திருப்பாலைவனத்து நண்பன் கம்பியில்லாத கிடாரைப் பிடித்துக்கொண்டு ஆடுவான். மீனவக் குடும்பத்துத் தோழி ஒருத்தி பாடுவாள். சர்ச்சில் பாடிப் பழகிய அவள் குரல் மட்டும்தான் நிஜம். மற்ற சத்தமெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்தது.

வராத பஸ்ஸுக்கு ஒரு பாட்டு, மாப்பிள்ளையின் கட்டைவிரலைக் கவ்விய நண்டுக்கு ஒரு பாட்டு என்று எட்டு வீடியோ போட்டோம். கடைசி வீடியோவில் ஒரு தட்டு எறா வறுவலுக்குச் சண்டை போட்டு பேண்ட் உடைந்துவிடும்.

நிஜத்தில் எங்களைப் பிரித்தது நான்தான். வேலைக்கு பெங்களூர் போன மூன்றாம் மாதம் கிடார் நண்பனின் அம்மா இறந்துபோனார். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன். அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் போனும் செய்யவில்லை. ஊர் திரும்பி பொன்னேரியில் ஜெராக்ஸ் கடை வைத்த பிறகும், அவன் ஓட்டும் ஷேர் ஆட்டோ எதிரே வந்தால் கடைக்குள் நகர்ந்துவிடுவேன்.

போன வருஷம் ஒரு நாள் ஆரம்பாக்கத்து நண்டு வியாபாரி ஒருவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், வரவேற்புக்கு எங்கள் பேண்டுதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அப்படி ஒரு பேண்டே கிடையாது, எல்லாம் நடிப்பு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நடிச்சவங்க மூணு பேரும் இருக்கீங்கல்ல? அப்புறம் இன்னா சார்?" என்றார். தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தோழி இப்போது நர்ஸ். போனில் சொன்னதும் நெடுநேரம் சிரித்தாள். பிறகு, வருகிறேன், ஆனால் இந்தத் தடவை கம்ப்யூட்டர் சத்தம் கூடாது என்றாள். கிடார்காரனை நான்தான் நேரில் போய்க் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னாள்.

திருப்பாலைவனம் ஆட்டோ ஸ்டாண்டில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் டிரைவர் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். கல்யாணப் பேச்சு மறந்துபோனது.

"அம்மா சாவுக்கு நான் வரல," என்றேன்.

"ஆமா, வரல." துணியை எடுத்து ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்தான். "பதினாறு நாளும் நீ வருவேன்னு நெனச்சினு இருந்தேன்."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. எதிர்க்கடையில் கையைக் காட்டி இரண்டு டீ சொன்னான். டீ தீரும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, வீட்டுக்கு வா என்றான்.

வீட்டில் அலமாரி மேலிருந்து ஒரு கிடாரை இறக்கினான். ஆறு கம்பியும் இருந்தன. பஸ் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பிசகில்லாமல் வாசித்தான். எப்போது கற்றாய் என்று கேட்டேன். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் அடையாளம் கண்டுபிடித்து, அண்ணா ஒரு பாட்டு வாசிங்க என்பார்களாம். ஒவ்வொருவரிடமும் பொய் சொல்லிக் கூச்சமாகிவிட்டதாம். அம்மா போனபின் மத்தியானத்தில் வீடும் ரொம்ப அமைதியாக இருந்ததாம். சர்ச்சில் வாசிக்கும் ஒருவரிடம் நாலு வருஷமாகக் கற்றிருக்கிறான்.

ஆக, எதுவும் தெரியாதவன் நான் ஒருவன்தான். ஒரு பழைய டிரம் செட்டை வாடகைக்கு எடுத்து, தோழி வீட்டு வலைக் கொட்டகையில் ஞாயிறுதோறும் பழகினோம். அவள் நைனா வலை பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். நான் இப்படித் தட்டினால் மூன்று நாளைக்கு மீன் இந்தப் பக்கம் வராது என்று ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் என் வாசிப்பைப் பற்றி அவர் பேசவில்லை.

வரவேற்பு அன்று, தப்பாகிவிடக் கூடாது என்ற பயத்தில் மூன்று பேருமே சிரிக்க மறந்துவிட்டோம். முதல் பாட்டு முடிந்ததும், பள்ளிக்கூடத்தில் வாழ்த்துப் பாடியவர்களுக்குத் தட்டுவதுபோல் மரியாதையாகக் கை தட்டினார்கள். இரண்டாவதுக்கும் அப்படித்தான். மணப்பெண் எங்களையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவது பாட்டில் என் கை வியர்த்து ஒரு குச்சி நழுவியது. உருண்டு போய் மணமக்கள் நாற்காலிக்கடியில் நின்றது. மணப்பெண்ணே பட்டுப்புடவையோடு குனிந்து எடுத்து வந்து கொடுத்தாள். கூட்டம் அப்போதுதான் சிரித்தது.

தோழி பாட்டை நிறுத்தினாள். வீடியோவில் பேசும் அந்தப் பழைய திமிர்க் குரலில் மைக்கில் சொன்னாள்: "உலகம் பூரா வாசிச்ச ஆளு. குச்சி புடிக்கத் தெரியல."

கிடார்காரன் தன் மைக்குக்குக் குனிந்தான். "அவன் எப்பவும் லேட்டாத்தான் வருவான். ஆனா வந்துருவான்."

மண்டபமே சிரித்தது. நான் டிரம்முக்குப் பின்னால் தலை குனிந்து திருகாணியை முடுக்குவதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பஸ் பாட்டு எடுத்தோம். எங்களுக்கே மறந்துபோயிருந்த வரிகளைக் கூட்டம் பாடியது. நண்டு வியாபாரி துண்டைச் சுழற்றி ஆடினார்.

அதன்பின் நாலைந்து இடத்தில் வாசித்துவிட்டோம். ஒரு பள்ளி விழாவில் எடுபடவே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் வீடியோவும் தெரியவில்லை, சவுரி எதற்கென்றும் புரியவில்லை. தோழிக்கு டியூட்டி மாறினால் நிகழ்ச்சியே தள்ளிப்போகும். என் தாளம் இன்னும் அரை அடி பின்னால்தான் நடக்கிறது.

போன மாதம் எங்கள் ஊர் காட்டூர்த் திருவிழாவில் சாயங்காலம் வாசித்தோம். அப்பா வயலிலிருந்து நேராக வந்து, சைக்கிளைப் பிடித்தபடி கடைசிவரை பின்னால் நின்றார். அந்த வீடியோக்களை அவர் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கிடாரு வாசிச்ச பையன் நல்லா வாசிக்கிறான்," என்றார். "சாப்ட்டானா?"

நான் அவனைக் கேட்கவே இல்லை. போன் செய்தேன். இன்னும் இல்லை, போய்த்தான் சாப்பிடணும் என்றான். அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். அவன் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தான்.