படத்தில் தெரியாத கால்

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நான் இருக்கும் வீடு என்னுடையதல்ல. வீட்டுக்காரர்களான அங்கிளும் அன்ரியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தங்கள் சபையின் ஊழியத்துக்காகப் பசிபிக் கடலிலுள்ள ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டார்கள். அங்கிள் பஸ் ஓட்டியவர். அன்ரி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். ஆளில்லாத வீட்டில் குளிருக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்று யாரையாவது இருத்திவிட்டுப் போக நினைத்தார்கள். எனக்கு அப்போது படுக்க இடமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காளான் பண்ணை, மீன் ஆலை, கிடங்கு என்று இந்த நாட்டில் அலைந்ததில் எங்கும் நிலைத்ததில்லை. நான் சைவ சமயக்காரன் என்பது அங்கிளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்நோ தள்ளுவியோ?" என்றுதான் கேட்டார்.

"தள்ளுவன், அங்கிள்."

"அப்ப காணும். வா."

நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து சேரும் பின்னேரம், அவர்களுக்கு அடுத்த நாள் காலை. அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவார்கள். அன்ரிக்கு முதலில் கறிவேப்பிலைச் செடியைக் காட்டவேண்டும். பிறகு அங்கிள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் காலையைக் காட்டுவார். தகரக் கூரைத் தேவாலயம், மழைத்தண்ணீர்த் தொட்டி, அதன் கீழே படுத்திருக்கும் பன்றிகள், வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன ஈரப்பலாக்காய். தொட்டிக் குழாயைத் திருத்துவது, படகு எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது, கிழவர்களுக்கு வேதம் வாசிப்பது என்று அவருடைய பகல் போகும். அன்ரி பிரஷர் பார்ப்பார், புண்ணுக்கு மருந்து கட்டுவார், ஸ்காபரோவிலிருந்து கொண்டுபோன மிளகாய்த் தூளில் மீன் குழம்பு வைப்பார்.

"சனம் உறைப்புத் தின்னுதோ, அன்ரி?"

"முதல் நாள் அழுதுதுகள். இப்ப கோப்பையோட வந்து நிக்குதுகள்."

கடைசியில் ஜெபம். அது முடியும்வரை நானும் போனுக்கு முன்னால் நிற்பேன். கர்த்தரிடம் அங்கிள் என்னுடைய கிடங்கு வேலையைப் பற்றியும் சொல்வார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பனி நன்றாகக் கொட்டத் தொடங்கிய நாட்களில் ஏதோ மாறியது. அங்கிள் நடந்துகொண்டு பேசுவதை விட்டுவிட்டார். போன் ஒரே மேசையில், ஒரே இடத்தில் இருந்தது. நெஞ்சுக்கு மேலேதான் தெரிந்தார். தொட்டியைக் காட்டச் சொன்னால், "தொட்டி அங்கைதான் நிக்குது, ஓடேல்லை" என்று பகிடி விட்டார். முகம் வியர்த்திருந்தது. வெயில்தானே என்று என்னையே சமாதானப்படுத்தினேன்.

ஒரு நாள் அன்ரி தேத்தண்ணீர்க் கேத்தலை எடுக்க எழும்பியபோது மேசை ஆடியது. போன் சரிந்து தரைப் பக்கம் திரும்பியது. கவிழ்த்து வைத்த வாளியில் அங்கிளின் வலது கால். கணுக்கால்வரை துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களும் கறுப்பு.

அன்ரி ஓடிவந்து போனை நிமிர்த்தினார்.

"கண்டிட்டாய் போல," என்றார் அங்கிள். "கடற்கல்லு வெட்டினது. உது சின்னக் காயம்."

"கறுத்துப் போச்சே, அங்கிள்."

"நான் பிறக்கேக்கையே கறுப்புத்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிளுக்குச் சீனி வியாதி. முன்பு சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் என்னோடு ஒரே அறையில் படுத்த ஓர் அண்ணைக்கும் இருந்தது. அவருக்கு முதலில் ஒரு விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே. பிறகு அவருடைய மெத்தையில் வேறொருவர் படுத்தார்.

"அன்ரி, கிருமிக்குப் போடுற குளிசை கொண்டு போனனீங்கள்தானே?"

அன்ரி அங்கிளைப் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார். "அது முடிஞ்சுது. இஞ்சை ஒரு பொடியனுக்குக் காதிலை சீழ். பிறகு பிள்ளை பெத்த ஒருத்திக்குக் காய்ச்சல். கேட்டு வாற சனத்துக்கு இல்லையெண்டு சொல்லுறதோ?"

"உங்களுக்கெண்டு கொஞ்சம் வைச்சிருக்கலாமே?"

"எனக்கெண்டு எடுத்து வைச்சிட்டு, அவைக்கு எந்த வாயாலை பிரசங்கம் பண்ணுறது?"

கடல் கொந்தளிப்பில் சாமான் படகு வரவில்லை. சபையின் தலைமையிடத்துக்கு அறிவித்தால் பெரிய தீவிலிருந்து, கொந்தளிப்பிலும் ஓடக்கூடிய ஆஸ்பத்திரிப் படகை அனுப்புவார்கள். ஆனால் அறிவித்தால் கனடாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அங்கிளின் பயம். அவர்களுக்குப் பதிலாக வர இன்னும் யாரும் கிடைக்கவில்லை. தேவாலயத்தைப் பூட்டவேண்டி வரும்.

"மகளிட்டைச் சொல்லாதை," என்றார். "கர்த்தருக்கு முன்னாலை சொல்லு, சொல்லமாட்டன் எண்டு."

அன்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் "ஓம்" என்றேன்.

அடுத்த பின்னேரம் அழைப்பு வரவில்லை. நான் எடுத்தேன், தொடுப்புக் கிடைக்கவில்லை. வெளியே போய்ப் பனி தள்ளினேன். எங்கள் வாசலை முடித்துப் பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளினேன். உள்ளே வந்து மறுபடி எடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தது எனக்குப் பழக்கமில்லாத கடவுளிடம். அதை மீறினால் என்ன நடக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. மீறாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரியும்.

விட்பி நகரில் இருக்கும் அவர்களுடைய மகளுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை? வீட்டிலை ஏதும் பிராப்ளமோ?"

"வீடு சுகம். அப்பாவின்ரை கால் சரியில்லை."

கறுத்த விரல்களைக் கண்டதைச் சொன்னேன். "ஓ மை கோட். எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கத்தினார்.

"நேற்றுத்தான் கண்டனான்."

"நேற்று! அண்ணை, நேற்றே எனக்குச் சொல்லியிருக்க வேணும்!"

அவர் தலைமையிடத்தோடு பேசிப் படகை அனுப்பவைத்தார். பிறகு பனிக்குள் காரை ஓட்டிக்கொண்டு மல்வேர்னுக்கு வந்துவிட்டார். அங்கிளின் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. படகு புறப்பட்டது என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தக் கடல் எவ்வளவு பெரியது என்று போனில் பார்த்தேன். உடனே மூடி வைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்தது. மகள் அதைப் பார்த்தபடியே இருந்தார். "அண்ணை, நீங்கள் எடுங்கோ. என்னாலை ஏலாது."

எடுத்தேன். படம் இல்லை, அன்ரியின் குரல் மட்டும்.

"தம்பி, ரெண்டு விரலையும் எடுத்திட்டினம். பாதம் தப்பினது. காய்ச்சல் இறங்கிட்டுது. கஞ்சி கேக்கிறார்."

மகள் போனைப் பறித்துக்கொண்டு அழுதார், திட்டினார், திரும்பவும் அழுதார். "வீட்டை வாங்கோ, அப்பா" என்று கெஞ்சினார். அங்கிள் அசையவில்லை. வேறு ஆள் வரும்வரை அவர்களை அங்கேயே இருக்கவிடத் தலைமையிடமும் சம்மதித்துவிட்டது. கடைசியில் போன் என்னிடம் வந்தது.

"தம்பி."

"அங்கிள்."

"சொல்லிப்போட்டாய்."

"ஓம், அங்கிள்."

"சொல்லியிராட்டி இப்ப கஞ்சி குடிச்சிருக்க மாட்டன் எண்டு அன்ரி சொல்லுறா. அது சரிதான்." இருமினார். "ஆனா இனி உனக்கு ஒண்டும் சொல்லமாட்டன். நீ என்ரை மகளின்ரை ஆள்."

பகிடி என்றுதான் நினைத்தேன். பகிடியில்லை. ஒரு மாதத்தில் அவர்கள் தீவுக்குத் திரும்பினார்கள். பின்னேர அழைப்பு இன்றும் வருகிறது. ஜெபத்தில் என் கிடங்கையும் சொல்கிறார். மழையையும் மீனையும் பற்றிப் பேசுகிறார். உடம்பு எப்படி என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபை" என்று முடித்துவிடுகிறார். அன்ரியிடம் கேட்டால் அவரும் அதையே சொல்கிறார்.

போன கிழமை அல்பேர்ட்டாவில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். முன்பென்றால் அன்றைக்கே பையைக் கட்டியிருப்பேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பின்னேரங்களில் அங்கிளின் முகத்தைப் பார்க்கிறேன். நெற்றியில் வியர்வை இருந்தால், அது வெயிலா காய்ச்சலா என்று அறிய எனக்கு இப்போது வழியில்லை.