பாறை உச்சியில் கொங்கு மரியாதை

மொரீசியஸ் வந்தும் சும்மா இருக்க முடியலீங்க. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டிக்கிட்டு, எரிமலைக் குழம்பு ஒறஞ்சு போன கருப்புப் பாறை மேல ஏறி, அங்கிருந்து கடல்ல குதிக்கற விளையாட்டுக்குப் பேர் குடுத்துப்போட்டேன்.

"நீச்சல் தெரியுமா?"ன்னு கூட வந்த கைடு இங்கிலீஷ்ல கேட்டாரு.

"உடுமலைப்பேட்டைல அறுபதடிக் கெணத்துல குதிச்ச ஆளு நானு"ன்னு பெருமையா சொன்னேன்.

மேல போயி எட்டிப் பாத்தேன். கெணத்துல அலை அடிக்காதுங்க.

எங்க குரூப்புல எல்லாரும் குதிச்சாச்சு. பாக்கி நானும் ஒரு அண்ணனும்தான். விசாரிச்சா, அவரு நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் சோமனூராம். எனக்கு உசுரே வந்துச்சு.

"நீங்க குதிங்கண்ணா."

"அட, நீங்கதான முன்னாடி வந்தீங்க. நீங்க குதிங்க தம்பி."

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படீங்க?"

"பரவால்லீங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கைடு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. ஏதோ சண்டைன்னு நெனச்சுட்டாரு போல.

அந்த அண்ணனோட சம்சாரம் அதுக்குள்ள ரெண்டு தடவ குதிச்சு முடிச்சு, தண்ணில மெதந்துக்கிட்டே கத்துனாங்க: "ஏனுங்க, ரெண்டு பேரும் அங்கயே ஊடு கட்டிக் குடியிருங்க!"

கடைசில கைடு, குதிக்காதவங்க எறங்கறதுக்குன்னு பின்னாடி இருந்த ஒத்தையடிப் பாதையக் காட்டினாரு.

அங்க மட்டும் ரெண்டு பேருமே "நீங்க முன்னாடி போங்க"ன்னு சொல்லலீங்க.

அடுத்த தடவ மரியாதை தெரியாத ஆளு ஒருத்தரு கூட வேணும், பின்னாடி நின்னு தள்ளி விடறதுக்கு. யாரு வர்றீங்க?