பொத்தான் அழுத்துவதற்கு முன்

எழிலின் குரலைக் கோயம்புத்தூரில் கேட்காதவர்கள் குறைவு. எழிலைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் பேசிக் கொடுப்பதை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் தெருத்தெருவாகக் கொண்டு போகும். ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன பெரியவர், புதிதாகத் திறக்கும் நகைக்கடை என்று எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். ஒரு நாள் பீளமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுடைய குரலே அவளைத் தாண்டிப் போனது. பக்கத்தில் நின்ற பெண் காதைப் பொத்திக்கொண்டு, "காலங்காத்தால இவ வேற" என்றாள். எழில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அவள் பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அம்மா காளியாத்தாள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், வாழைக்காட்டு வேலைக்குப் போகிறாள். பன்னிரண்டாவது முடித்ததும் எழில் பீளமேட்டு மில் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே பொங்கல் விழாவில் மைக் பிடிக்க ஆளில்லாமல் அவளை நிறுத்தினார்கள். அதைக் கேட்ட ஒருவர்தான் ஆட்டோ விளம்பரத்துக்குக் கூப்பிட்டார். பழுதான மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் ரூபனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அந்த வேலையை விடவில்லை. பத்து வருஷமாக யாரோ எழுதிக் கொடுத்ததையே பேசினாள். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவே இல்லை.

அப்போதுதான் கோபியில் 'கதிரோசை' என்று ஒரு வட்டார வானொலி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. தொடங்குகிறவர் பாலுசாமி. நிலபுலன் உள்ள குடும்பம், இரும்பு வார்க்கும் பவுண்டரியும் உண்டு. நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டது அவர் மகள் வர்ஷினி. குரல் தேர்வில் எழிலை ஐந்து நிமிடம் கேட்டதுமே வர்ஷினி, "அக்கா, காலை நிகழ்ச்சி உங்களுக்குத்தான். நீங்க ஊட்டுல பேசற மாதிரியே பேசுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள்.

எழில் ஒலிப்பதிவுக் கூடத்து வேலையை விட்டாள். ரூபன் கொஞ்சம் தயங்கினான். "வாரம் பூரா நீ உங்கம்மா ஊட்டுல, நான் இங்க. சரிப்பட்டு வருமா எழிலு?" என்று கேட்டான்.

"ஒரு ஆறு மாசம் பாக்கலாமுங்க. ஆகலைன்னா திரும்பி வந்தர்றேன்" என்றாள்.

திறப்பு விழா அன்று நிலையத்துக்கு முன்னால் பெரிய பந்தல். வாழை மரம் கட்டி, தப்பட்டைக் குழு, நாதஸ்வரம், மெல்லிசைக் குழு என்று மூன்று தரப்பும் வந்து இறங்கியிருந்தன. சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர் மேடையில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தி ஒலிபரப்பைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. பத்து மணிக்கு ஒலிபரப்பு என்று சுவரொட்டியெல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஆனால் விமானம் தாமதம். ஒன்பதரைக்குத்தான் பீளமேட்டு விமான நிலையத்தில் இறங்கினார் என்று தகவல் வந்தது. அங்கிருந்து கோபி வர எப்படியும் இரண்டு மணி நேரம்.

நிலையத்து மாடியில் இருந்த எழிலிடம் வர்ஷினி ஓடி வந்தாள். "அக்கா, பத்து மணின்னு சொல்லிப்போட்டோம். சனங்க ரேடியோவத் திருப்பி வெச்சுட்டுக் காத்திருப்பாங்க. அவரு வந்து சேர்ற வரைக்கும் நீங்க பேசுங்க. எழுதினது ஒண்ணும் வேண்டாம், மனசுல பட்டதைப் பேசுங்க."

எழில் உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மாவும் காலனிப் பெண்களும் களத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

எடுத்த எடுப்பில் வாய்க்காலைப் பற்றிப் பேசினாள். தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாள் அம்மா நாற்று நடப் போன வயலைச் சொன்னாள். குனிந்த முதுகில் விழும் வெயிலை, வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது தனியாக நீட்டப்படும் டம்ளரைச் சொன்னாள். அதை அவள் இதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, இப்படித்தான் இருந்தது என்று சொன்னாள். மில் விடுதியில் ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு சிரித்த சிரிப்பைச் சொன்னாள். காதைப் பொத்திய அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி அவளே சிரித்துவிட்டாள். நடுநடுவே ஒரு பாட்டு. பாட்டு ஓடும்போது அடுத்து என்ன பேசலாம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று வந்தது. பத்து வருஷமும் இதற்காகத்தான் அடுத்தவர்கள் எழுதியதைப் படித்தோம் என்றுகூடத் தோன்றியது.

பன்னிரண்டு மணி வாக்கில் கீழே பட்டாசு வெடித்தது. வர்ஷினி கண்ணாடிக்கு வெளியே நின்று, போதும் என்று கை காட்டினாள். எழில் வணக்கம் சொல்லி முடித்துக்கொண்டு பந்தலுக்கு இறங்கினாள்.

மேடையில் பொத்தான் அழுத்தப்பட்டது. கைதட்டல். விருந்தினர் 'கதிரோசை'யைக் 'கதிரவன் ஓசை' என்று மூன்று முறை சொன்னார். கிராமங்களின் குரல் இனி உலகம் முழுக்கக் கேட்கும் என்றார். அடுத்து பாலுசாமி பேசினார், பிறகு அவருடைய பங்காளி ஒருவர், பிறகு ரோட்டரி சங்கத்திலிருந்து ஒருவர். பொன்னாடைகள் முடிவதாக இல்லை. தப்பட்டைக் குழு பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று, சூடு காட்டிய தப்பட்டை ஆறிப்போக, மறுபடி வைக்கோலைக் கொளுத்தியது. அவர்களுக்கு வாசிக்கக் கிடைத்தது ஒரே ஒரு அடி. அதுவும் விருந்தினர் காரில் ஏறும் நேரத்துக்கு.

எழில் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கேட்டியா?"

"கேட்டங் கண்ணு. கை தட்டுனாங்க, பெரியவங்க ஒவ்வொருத்தரா பேசுனாங்க. நீ எப்பப் பேசுவே?"

"நான் பத்து மணியில இருந்து பேசிட்டுத்தானம்மா இருந்தேன்!"

"இல்லியே. அது வரைக்கும் வெறும் இரைச்சல்தான். நாங்களும் ஏரியல் குச்சியத் திருப்பித் திருப்பிப் பாத்தோம். ஊட்டு ரேடியோதான் கெட்டுப்போச்சோன்னு பக்கத்து ஊட்டுதையும் வாங்கியாந்து வெச்சோம். அதுலயும் அதே இரைச்சல். எல்லாரும் வேலையக் கெடுத்துட்டு உக்காந்திருந்தாங்க, பாவம்."

எழிலுக்கு முதலில் விளங்கவில்லை. இன்ஜினியர் கவினைத் தேடிப் பிடித்தாள். அவன் பொத்தானின் ஒயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"காலைல நான் பேசினது போச்சாங்க?"

கவின் நிமிர்ந்து பார்த்தான். முகம் மாறியது. "நீங்க பேசுனீங்களா? டிரான்ஸ்மிட்டரே ஆன் பண்ணலீங்களே. கெஸ்ட் பொத்தான் அமுக்கற வரைக்கும் காத்துல ஒண்ணும் போகக்கூடாதுன்னு ஐயா கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க. நான் கீழயேதான் இருந்தேன்."

"செவப்பு லைட் எரிஞ்சுதே?"

"அது மைக் ஆன்னா எரியறதுங்க. அவ்வளவுதான்."

"ரெக்கார்டு?"

"காத்துல போறதைத்தான் சிஸ்டம் பதியுமுங்க." அவன் ஒயரைக் கீழே வைத்தான். "சாரிக்கா. எனக்கு யாருமே சொல்லலை."

பாலுசாமி சாப்பாட்டுப் பந்தியில் இலை பார்த்துக்கொண்டிருந்தார். வர்ஷினி பக்கத்தில் நின்றாள். அப்பா அப்படி உத்தரவு போட்டது அவளுக்குத் தெரியாது. மகள் ஆளை உட்கார வைத்துப் பேசச் சொன்னது அவருக்குத் தெரியாது. இருவரும் எழிலுக்கு முன்னாலேயே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு பாலுசாமி அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு டெஸ்டிங் மாதிரி நெனைச்சுக்கங்க. நாளைக்கு அதையே பேசிப்போடுங்க, என்ன இப்ப? மொதல்ல சாப்பிடுங்க."

"அதையே எப்படீங்க பேசறது?" என்றாள் எழில். "மனப்பாடம் பண்ணியா பேசுனேன்? ஊரே கேக்குதுன்னு நெனச்சு, யாருகிட்டயும் சொல்லாததையெல்லாம் சொல்லீட்டு வந்திருக்கிறனுங்க. வெறும் செவுத்துகிட்ட."

"சரி உடுங்கம்மணி. நல்ல நாளும் அதுவுமா..." என்று பாலுசாமி குழம்புக்குக் குரல் கொடுத்தார். வர்ஷினி கண் கலங்கினாள். அதைப் பார்த்ததும் எழிலுக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை நிஜமாகவே ஒலிபரப்பில் உட்கார்ந்தாள். கவின் இரண்டு முறை வந்து, "போகுதுக்கா, நல்லாப் போகுது" என்றான். வாய்க்காலில் இருந்தே தொடங்கினாள். தண்ணீர், வயல், நாற்று எல்லாம் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஏற்கெனவே சொல்லி முடித்ததாக இருந்தது. வெயிலைப் பற்றிச் சொல்லும்போது தன் குரலில் தள்ளுபடி விலை தொனிப்பதைக் கேட்டாள். டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. சட்டென்று பாட்டைப் போட்டுவிட்டாள். பாட்டு முடிந்ததும் அன்றைய மஞ்சள் விலையைப் படித்தாள்.

அம்மா நன்றாக இருந்தது என்றாள். காலனியே பெருமைப்பட்டது. ரூபன் பீளமேட்டிலிருந்து கூப்பிட்டு, ரேடியோ இங்கே எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டான். எழில் எல்லோருக்கும் சரி சரி என்றாள். ராஜினாமா செய்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். வேலையை விட்டுவிட்டு மறுபடி ஆட்டோவுக்குப் பேசப் போவதில் மட்டும் என்ன சுகம் என்று தோன்ற, இருந்துவிட்டாள்.

இன்றைக்கு அவளுடைய காலை நிகழ்ச்சிக்கு நிறையப் பேர் போன் செய்கிறார்கள். வாழைத்தார் ஏற்றிப் போகும் லாரி டிரைவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் நன்றாகவே பேசுகிறாள். சில நாட்களில் ஏதாவது ஒரு வாக்கியம் அந்தக் காலையில் வந்தது போலவே வந்து விழும். அது போதவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கவின் சொன்னபடி செய்தான். வர்ஷினி நல்லது நினைத்தாள். பாலுசாமி விழாவைப் பார்த்தார்.

போன மாதம் முதலாம் ஆண்டு விழாவுக்கு அவர் மறுபடி பந்தல் போட்டார். "அம்மணி, இந்தத் தடவ நீங்கதான் மேடையில நின்னு தொகுத்துப் பேசோணும்" என்று தானே வந்து கேட்டார்.

"அன்னிக்கு எனக்கு லீவுங்க" என்றாள் எழில்.

"என்ன விசேஷமுங்க?"

"ஒரு விசேஷமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பாட்டைத் தேடப் போனாள்.