ஒயிலில் உப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் அந்த வான் மூன்று வருசம் நின்றது. டீசல் வான். அதன் சாரதி நான். முதலாளி குடும்பத்தோடு கனடா போகும்போது திறப்பை என்னிடம் தந்தார்.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடு தம்பி."

ஓம் என்றேன்.

நாலைந்து மாதம் செய்தேன். பிறகு செய்யவில்லை. அது சண்டைக் காலம். ஆளில்லாமல் நிற்கிற வாகனத்தைக் கண்டால் குண்டோ என்று எல்லாருக்கும் பயம். நான் போய் எஞ்சினை எடுத்தால் அக்கம்பக்கத்து யன்னல்கள் திறக்கும். ஒருநாள் பொலிஸ் வந்தது. யாருடைய வாகனம், நீ யார், ஓட்டாமல் ஏன் சும்மா ஸ்டார்ட் பண்ணுகிறாய். பதில் சொன்னேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். அடுத்த கிழமை வேறு பொலிஸ், அதே கேள்வி. அதோடு அந்தப் பக்கம் போவதை நிற்பாட்டினேன். கேட்டவர்களுக்கு பற்றரி போய்விட்டது என்று சொன்னேன். பற்றரி போனது அதற்குப் பிறகுதான்.

அதற்கு முதலும் அந்த வானை யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒயில் மாற்றுவது முதலாளிக்கு வீண் வேலை. குறைந்தால் ஊற்று என்பார். ஊற்றினேன். ஓடினது, அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் மனிசியும் கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தோம். முதலாளி போன பிறகு எனக்கு நிரந்தர வேலை இல்லை. துறைமுகப் பக்கம் மூட்டை ஏற்றப் போவேன். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. எங்களைப் போல வடக்கில் இருந்து வந்தவர்கள் பொலிசில் பதிய வேண்டும். கொழும்பில் நிற்கிறதற்குக் காரணம் எழுத வேண்டும். முந்தி சாரதி என்று எழுதினோம். பிறகு அந்த இடம் வந்ததும் வீட்டுக்காரர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்ப்பார். "உன்னை என்னெண்டு எழுத?" என்பார். இன்னும் எத்தனை தரம் அவர் எழுதித் தருவார் என்று தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் முதலாளி பேசினார். கனடாவில் இருந்து, போன் பேசுகிற கொமினிகேஷன் கடைக்குச் சொல்லி என்னைக் கூப்பிட்டு எடுத்தார்.

"வீட்டை விக்கிறன். வான் அந்த ஒழுங்கையில நிக்கேலாது. எஞ்சின் நல்லமெண்டால் நீயே எடுத்து ஓட்டு. இல்லையெண்டால் பழைய இரும்புக்காரனுக்குக் குடு. மாசம் முடிய முதல் செய்."

"ஓம் ஐயா."

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினனிதானே?"

லைன் இரைந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் வளவில் நாலைந்து தாய்மார் பள்ளிக்கூட வான் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பஸ்ஸில் விட அப்போது யாருக்கும் மனம் வராது. நான் கதையைச் சொன்னதும், "அண்ணை, வான் ஓடுமெண்டால் பிள்ளையள் உங்களோடதான்" என்றார்கள். ஓடுமோ என்று எனக்குத் தெரியாது. ஓடினால் வேலை இருக்கு, பதியக் காரணம் இருக்கு. ஓடாவிட்டால் மூட்டை.

தெஹிவளையில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவைக் கூட்டிப் போனேன். பற்றரி கொண்டுவந்து பூட்டினார். வான் இருமி இருமிப் பிடித்தது. ஒழுங்கை முழுக்கக் கறுப்புப் புகை. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஒயிலா தம்பி? ரோட்டுக்கு ஊத்துற தாரு."

"எஞ்சின் எப்பிடி நானா?"

"தொறக்காம சொல்ல ஏலா. தொறந்தா மூடுறதுக்கு ஒங்கட்ட காசு ஈக்கா?"

இல்லை என்று அவருக்கே தெரியும். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். கொலன்னாவைப் பக்கம் லொறிக் கொம்பனிகள் பழைய ஒயிலைக் குடுத்துச் சோதிக்கிற இடம் ஒன்று இருந்தது. அவருடைய மச்சான் அங்கே வேலை. ஒயிலுக்குள் என்ன தேய்ந்து விழுந்திருக்கிறது என்று பார்த்தால், திறக்காமலே எஞ்சினின் நிலைமை தெரியும் என்றார்.

"பத்து நிமிசம் ஓட உட்டுட்டு, சூட்டோட எடுங்க. போத்தல் சுத்தமா ஈக்கணும். வெளங்கிச்சா?"

விளங்கியது. மனிசியிடம் சொன்னேன். "ஒயிலுக்கும் ரத்தம் பாக்கிறவையோ?" என்றாள். ஓம் என்றேன்.

அறையில் அகல வாய்ப் போத்தல் ஒன்று வெறுமையாக இருந்தது. கண்ணாடி. மூடி இறுக்கமாகப் பூட்டும். சவுக்காரம் போட்டு, சுடுதண்ணி ஊற்றி, மூன்று தரம் கழுவினேன். வெயிலில் கவிழ்த்துக் காயவிட்டேன். அதில்தான் ஒயிலை எடுத்தேன்.

கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடம். சும்மா போகிறவனையும் விடமாட்டார்கள். நான் கையில் கறுப்புத் தண்ணியோடு போனேன். செக்பொயின்றில் பஸ்ஸால் இறக்கினார்கள். ஒரு ஆமிப் பெடியன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான்.

"மே மொக்கத?" இது என்ன என்று கேட்டான்.

"தெல், மாத்தையா. வாகனேட்ட லெட."

ஒயில், வாகனத்துக்கு நோய் என்றதும் மற்றவன் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை. போத்தலைக் குலுக்கினான். தலைகீழாகப் பிடித்தான். மூடியைத் திறந்து மணந்தான். திரும்பப் பூட்டி இன்னொரு தரம் குலுக்கினான். பிறகு, "பெஹெத் தீலா எக்கங் என்ன" என்று தந்தான். மருந்து குடுத்துக் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

ஒரு கிழமை கழித்து நானா ஆள் அனுப்பினார். கராஜில் அவர் கையில் ஒரு கடதாசி. இங்கிலிசில் இருந்தது. மச்சான் அவருக்குச் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார்.

"உப்பு ஈக்கிதாம் தம்பி. நல்லா ஈக்கிதாம். கடல்ல எறக்கிக் கழுவினீங்களா ஓய்?"

"இல்லை."

"அப்ப கடல் தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. உப்பு போனா பெயாரிங் எல்லாம் அரிச்சிடும். அத உட்டுடுங்க."

எனக்கு அது சரியென்றே பட்டது. கடலுக்குக் கிட்ட மூன்று வருசம். மாரியில் அந்த ஒழுங்கையில் தண்ணி நிற்கும். கிழமைக்கு ஒருக்கா போகச் சொன்னார், நான் போகவில்லை. பிழை செய்தேன், தண்டனை கிடைத்தது. போகிற வழியிலேயே இரும்புக்காரனைக் கண்டு, திங்கட்கிழமை லொறி கொண்டு வரச் சொன்னேன். தாய்மாருக்கும் சொன்னேன். ஒருத்தி மட்டும், "பரவாயில்லை அண்ணை" என்றாள். மற்றவர்கள் வேறு வான் யாரிடம் இருக்கு என்று கதைக்கத் தொடங்கினார்கள். அதிலும் பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனிசி அடுப்பு மூலையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, தேசிக்காய் போடுற போத்தல் எங்கை?"

"எந்தப் போத்தல்?"

"அகல வாய். உப்பில தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைக்கிறது."

"கொலன்னாவையில."

அவள் நிமிர்ந்தாள். "அதிலயோ ஒயில் கொண்டு போனனீங்கள்?"

"கழுவினனான். மூண்டு தரம்."

"மூடிக்குள்ள ஒரு அட்டை இருக்குமே. அதைக் கழட்டினனீங்களோ?"

கழட்டவில்லை. அட்டை இருந்தது. நினைவு வந்தது. மண்ணிறமாக, மூடியோடு ஒட்டிக்கொண்டு.

"ரெண்டு வருசமா உப்பில ஊறின அட்டை" என்றாள். "கடல் தண்ணியாம். உங்கட எஞ்சினைப் பாத்தவங்கள் என்ர தேசிக்காயைத்தான் பாத்திருக்கிறாங்கள்."

ஆமிப் பெடியன் குலுக்கினது அப்போது ஞாபகம் வந்தது. ஒயில் முழுக்க மூடியில் பட்டிருக்கும். எழும்பிச் சேர்ட்டைப் போட்டேன், ஆனால் அந்த நேரம் கொலன்னாவையில் பூட்டியிருப்பார்கள். அவள் பாமசிக்குப் போய் மருந்து ஊற்றுகிற புதுப் போத்தல் ஒன்று வாங்கி வந்தாள். அதன் மூடியைத் திறந்து, உள்ளுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டினாள்.

சனிக்கிழமை அந்த இடம் அரைநாள்தான் திறப்பார்கள். விடிந்ததும் வெள்ளவத்தைக்குப் போய் ஒயிலை எடுத்தேன். இரவல் பற்றரியை நானா நல்ல காலம் இன்னும் கழற்றவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கொலன்னாவைக்குப் போனேன். மச்சானிடம் அவரே கதைத்தார்.

"இவரு எஞ்சின ஊறுகா போட்டுட்டாரு. இன்னொரு தரம் பாருங்க."

சோதிக்கிறவர் ஒரு சிங்கள மனிதர். வயதானவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். பழைய போத்தலை எடுத்துவரச் சொல்லி, மூடியை நகத்தால் சுரண்டி அட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புதுப் போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வெளியில் வாங்கு ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தேன். நானா வெற்றிலை போட்டார். எனக்கும் நீட்டினார், வேண்டாம் என்றேன். இரண்டு மணித்தியாலம் இருக்கும். வானை நினைக்கவில்லை. பொலிசில் பதிகிற கடதாசியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியில் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "லுணு நே" என்றார். பிறகு எனக்காகத் தமிழில், "உப்பு இல்ல. தண்ணியும் இல்ல."

"மற்றது ஐயா? தேய்மானம்?"

"இரும்புத் தூள் கொஞ்சம் இருக்கு. வயசுக்கு அது சரி. பெயாரிங் நல்லம். ஊத்தைதான் நிறைய. இப்பிடி ஊத்தை நான் காணல்ல." ஒயில் மாற்றி, கொஞ்சம் ஓடி, திரும்ப மாற்றி, இன்னொரு தரம் மாற்றச் சொன்னார். "பிறகு ஓட்டு. ஓடும்."

நான் நன்றி சொன்னேனா தெரியவில்லை. வாங்கிலேயே இருந்தேன். நானா கையைப் பிடித்துத் தூக்கினார். "எனத்துக்கு ஓய் அழுறீங்க?" என்றார். அழவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

தாய்மாருக்கு வான் ஓடும் என்று சொன்னேன். இரும்புக்காரனுக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். அவன் திட்டினான். கேட்டுக்கொண்டு நின்றேன். சந்தோசமாகவே இருந்தது. முதலாளியோடு கதைத்தபோது எஞ்சின் நல்லம் என்றேன். நான் போகாமல் விட்டதையும் சொன்னேன். "சரி, ஓட்டு" என்றார்.

வானை நானாவின் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பழைய ஒயிலை இறக்கினோம். ஒழுகி முடிய அரைநாள் போனது. வானின் கடதாசி வேலைக்கு இரண்டு கிழமை. பிறகு ஒரு நாள் காலமை நான் தனிய அதைக் காலிக்குப் போகிற பெருவீதியில் ஏற்றினேன். பிரேக் கத்தியது. ஸ்டியரிங் இழுத்தது. எஞ்சின் மட்டும் ஒரே சத்தத்தில் ஓடியது. பம்பலப்பிட்டி தாண்டத்தான் பசி தெரிந்தது. நாலைந்து கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஓரமாக விட்டு ஒரு கடைப் பெடியனிடம் ரொட்டியும் சம்பலும் கேட்டேன். இறங்கிச் சாப்பிடச் சொன்னான். வேண்டாம், இஞ்சை தா என்றேன். சீற்றில் இருந்தபடி நாலு ரொட்டி சாப்பிட்டேன். எஞ்சினை நிற்பாட்டவில்லை.