மீதி மருந்து

எங்கள் தொழிலில் வேலையை முடித்துக் கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் வரும். "மீதி மருந்து இருந்தா ஒரு பாட்டில்ல ஊத்திட்டுப் போங்களேன்." படித்தவர், படிக்காதவர், சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. குழம்பு மிஞ்சினால் கிண்ணத்தில் வாங்கிக்கொள்கிற மாதிரி, காலி பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

தாம்பரத்தில் கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி ஒழிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றை நடத்துகிறேன். லைசென்ஸ் என் பெயரில்தான் இருக்கிறது. போன் எடுத்தால் பாதிப் பேர் "சார் இல்லையாம்மா?" என்பார்கள். சாருக்கு வேறு ஆபீஸ், அவருக்குக் கரப்பான் என்றாலே பயம் என்று சொல்லி வைப்பேன்.

இந்த லைசென்ஸுக்கு வேதியியல் பட்டம் வேண்டும், அதற்கு மேல் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். கொடுப்பது வேளாண்மைத் துறை. முதல்முறை அந்த அலுவலகத்துக்குப் போனபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரர் "நமக்கு என்ன பயிரும்மா?" என்று விசாரித்தார். "கரப்பான்" என்றேன். மனிதர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அன்று அதிகாரி சொன்னது எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. "இந்த லைசென்ஸ் வாங்கி வெச்சு அடிக்கறதுக்கு. விக்கறதுக்கு வேற லைசென்ஸ். யாருக்கும் ஊத்திக் கொடுக்காதீங்க." கம்பெனி டப்பாவில் லேபிள் இருக்கும், சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும், எவ்வளவு ஆபத்து என்பதைக் கட்டத்தின் நிறம் சொல்லும். உள்ளே போய்விட்டால் என்ன முதலுதவி என்பதும் அச்சடித்திருக்கும். பாட்டில் மாறினால் இதில் ஒன்றும் கூட வராது. அதனால்தான் சட்டம்.

இதை நான் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு பிகு பண்றாளே" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு வந்ததுதான் மிச்சம். என் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் சில வீடுகள் கைவிட்டும் போயின. போகட்டும்.

அடிக்கப் போவது பெரும்பாலும் என் கொழுந்தன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவன். பயிற்சி எடுத்திருக்கிறான், வேலையில் சுத்தம். குறை ஒன்றுதான், யார் முகமும் சுருங்கக்கூடாது அவனுக்கு. அவனுக்கு நான் போட்ட விதிகளில் முக்கியமானது: கையுறை மாட்டினால் போன் பைக்குள் போய்விட வேண்டும். மருந்துக் கையோடு போனை எடுத்துக் காதில் வைக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு.

ஊரப்பாக்கத்தில் ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வீடு எங்கள் வாடிக்கை. அவரும் அவர் கணவரும் மட்டும்தான். பிள்ளைகள் வெளியூரில். டீச்சர் அருமையான மனுஷி, போனால் காபி கொடுக்காமல் விடமாட்டார். ஆனால் ஒரு காலி பாட்டிலைத் தூக்கிப் போட மனசு வராது அவருக்கு. சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள்.

ஒரு நாள் காலையில் டீச்சர் போன் செய்தார். பெண்ணைப் பார்க்கத் திருச்சிக்கு ரயிலில் போய்க்கொண்டிருப்பதாகவும், அடுத்த சர்வீஸைத் தள்ளிப் போடலாமா என்றும் கேட்டார். சரி என்றேன். அதோடு அவர் போனை வைத்திருக்கலாம்.

"அவசரமில்லம்மா. உங்க கொழுந்தன் ஊத்திக் கொடுத்த மருந்து இன்னும் பாதி பாட்டில் இருக்கு. நான் வந்து அதை வெச்சு சமாளிச்சுக்கறேன்."

"எந்த மருந்து டீச்சர்?"

"போன தடவை கொடுத்தாரே. வாசனையே வராத புது மருந்துன்னு."

"எதுல ஊத்திக் கொடுத்தான்?"

"நான்தான் பாட்டில் கொடுத்தேன். ஓம வாட்டர் பாட்டில், நல்லா கழுவி..." ரயில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அய்யோ, அவருக்கு வயித்துப் பொருமல்ங்க. இப்பதான் போன் பண்ணி ஓம வாட்டர் எங்கன்னு கேட்டாரு. அலமாரியில இருக்கும், எடுத்துக் குடிங்கன்னு சொன்னேனே!"

லேபிளைக் கிழித்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். கழுவியும் கிழியாத நல்ல லேபிளாம்.

டீச்சர் கணவருக்குப் போட்டார், எடுக்கவில்லை. அவருக்குக் காது மந்தம், போனை ஒரு அறையில் வைத்துவிட்டு இன்னொரு அறையில் பேப்பர் படிக்கிற ரகம். பக்கத்து வீட்டில் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் கொழுந்தனுக்குப் போட்டேன். அவன் நாவலூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் இருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையுறை மாட்டியிருக்கிறான், போன் பைக்குள் இருக்கிறது. என் விதி. நல்லா போட்டேடி விதி என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருங்களத்தூரில் ஒரு அடைப்பு, வண்டலூரில் ஒரு அடைப்பு. அன்று அந்த சிக்னல் ஒவ்வொன்றிலும் நான் வாய்விட்டு அழுதேன். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவன் எதை ஊற்றியிருப்பான் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. கரையானுக்கானதா, கரப்பானுக்கானதா, கலந்ததா, கலக்காததா? அந்தப் பெரியவருக்கு ஒன்று ஆகிவிட்டால் லைசென்ஸ் போகும், கேஸ் வரும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் அவர் கேட்டைத் திறந்துவிட்டு "வெயில்ல வந்தியாம்மா?" என்று கேட்பதுதான் ஞாபகம் வந்தது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிக் கதவைத் தட்டினேன், தட்டினேன், கடைசியில் ஜன்னல் கம்பியைச் சாவியால் அடித்தேன். அவர் வந்து திறந்தார். கையில் ஓம வாட்டர் பாட்டில்.

"வெயில்ல வந்தியாம்மா? உள்ள வா."

"சார், அதைக் குடிச்சீங்களா?" காதருகில் கத்தினேன்.

"குடிச்சேன், ரெண்டு மூடி. இதைப் பாரு, எதுலதான் கலப்படம் இல்ல இந்தக் காலத்துல? ஓம வாசனையே இல்ல. வெறும் தண்ணியை அடைச்சு விக்கறான். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போடலாம்னு லேபிளத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

லேபிளை நம்பித்தான் குடித்திருக்கிறார், பாவம். பாட்டிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அவன் கையில் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். இது வெளுக்கவில்லை. குலுக்கினேன், நுரையும் இல்லை. நம்பலாமா? வாசனையும் நிறமும் இல்லாத சரக்கும் உண்டு. "வாங்க சார், டாக்டர்கிட்ட போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்த நேரத்தில் என் போன் அடித்தது. கொழுந்தன்.

"இன்னா அண்ணி, இத்தினி வாட்டி கால் பண்ணிக்கீறீங்க? கிளவுஸ் போட்டுகினு..."

"ஊரப்பாக்கம் டீச்சருக்கு பாட்டில்ல என்னடா ஊத்திக் கொடுத்த?"

"அது வந்து அண்ணி..." என்று இழுத்தான்.

"சார் அதைக் குடிச்சிட்டாருடா! சொல்லித் தொலை!"

"ஐயோ அண்ணி, பயப்படாதீங்க! அது தண்ணி. சத்தியமா பச்சத்தண்ணி அண்ணி, எம் புள்ள மேல சத்தியம்!"

நான் அப்படியே வராண்டாவில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பேசிக்கொண்டே போனான்.

"இன்னா பண்றது? அந்த டீச்சர் வுட்டாதானே. ஒவ்வொரு வாட்டியும் பாட்டிலத் தூக்கிகினு வந்து நிக்கிறாங்க. இல்லன்னா மூஞ்சி சுருங்கிப் பூடுது. குடுத்தா நீங்க என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவீங்க. ஒரே பேஜாரா பூடுச்சி. அதான் அவங்க வூட்டுத் தண்ணியையே புடிச்சிக் குடுத்து, வாசனை வராத மருந்துன்னுட்டேன்."

"குழாய்த் தண்ணியா?"

"இல்ல அண்ணி, கேன் தண்ணி. அங்க போர்ல உப்புத் தண்ணி வருது. தெளிச்சா வெள்ளையா படிஞ்சி மாட்டிக்குவேன்னு கேன்லேர்ந்து புடிச்சேன்."

அவனைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அப்புறம் சிரித்தேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. பெரியவர் பயந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். கேன் தண்ணிதான். அதைப் போல ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை.

சத்தியத்தை மட்டும் நம்பி விட்டுவிட மனசு வரவில்லை. தெருக்கோடி கிளினிக்குக்கு அவரை அழைத்துப் போய் விவரம் சொன்னேன். டாக்டர் நாடி, பிரஷர், கண் எல்லாம் பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்தும் பார்த்துவிட்டு, "சாருக்கு ஒண்ணுமில்ல. பிரஷர் உங்களுக்குத்தான் பார்க்கணும் போல இருக்கு" என்றார். பெரியவர் வெளியே வந்ததும் வயிற்றுப் பொருமல் சரியாகிவிட்டது என்று அறிவித்தார்.

டீச்சருக்குப் போன் போட்டேன். விழுப்புரத்தில் இறங்கித் திரும்பி வரும் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சார் நல்லா இருக்காரு டீச்சர். பாட்டில்ல இருந்தது தண்ணிதான், உங்க வீட்டு கேன் தண்ணி."

பெருமூச்சு விட்டார், கடவுளைக் கூப்பிட்டார், அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சந்தேகமாகக் கேட்டார்: "அப்ப நான் கிச்சன் பூரா தெளிச்சேனே?"

"அதுவும் தண்ணிதான்."

"ஆனா கரப்பான் எல்லாம் போயிடுச்சேம்மா!"

கரப்பான் போனது அவன் அதற்கு முன்னால் ஒழுங்காக அடித்துவிட்டுப் போனதால் என்று விளக்கிச் சொல்ல எனக்கு அன்று தெம்பில்லை. "நல்லதுதான டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். வாழ்நாளில் வாடிக்கையாளர் ஒருவரிடம் நான் வாக்குவாதம் செய்யாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

அன்று மாலை கொழுந்தனுக்கு இட்லியும் கறிக்குழம்பும் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற வரைக்கும் திட்டினேன். தண்ணியாகவே இருந்தாலும் மருந்து என்று சொல்லிக் கொடுக்கலாமா, அடுத்த ஆள் நிஜத்தை ஊற்றினால் அவர்கள் எப்படிச் சந்தேகப்படுவார்கள்? அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. மருந்து, மருந்து என்று நானும்தான் நாள் முழுக்கச் சொல்கிறேன். பூச்சி மருந்து, எலி மருந்து, கரையான் மருந்து. மருந்து என்றால் அலமாரியில் வைக்கத்தானே தோன்றும்? லேபிளில் எங்கேயும் மருந்து என்று அச்சடித்ததில்லை, விஷம் என்றுதான் இருக்கும்.

மறுநாளிலிருந்து எங்கள் கம்பெனியில் அந்தச் சொல் கிடையாது. முதலில் பெரிய கஷ்டம்தான். "விஷம் அடிக்க வந்துக்கீறோம்" என்று இவன் போய் நின்றதும் சேலையூரில் ஒரு அம்மா படாரென்று கதவைச் சாத்திவிட்டார். போன் செய்து நான் சமாதானம் சொல்லித்தான் திறந்தார். டீச்சர் வீட்டில் மட்டும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து அங்கே அரிசி டப்பா வைத்துவிட்டார்.

இப்போதும் வேலை முடிந்து பம்பைக் கழுவி எடுத்து வைக்கும்போது, நான் போயிருந்தால், வாசலில் கொஞ்சம் நின்று பார்ப்பேன். மீதி விஷம் இருந்தா ஒரு பாட்டில்ல ஊத்திட்டுப் போங்களேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.